குடை பிடித்தவரின் குரல்

மொழிக் காப்பகத்தின் பின்னறை ஜன்னலை உடைத்தது ஒரு பழைய இடி. நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு மலையில் இடித்து, கேசட்டில் பதிவாகி, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டு, அங்கே இரைச்சல் என்று முடிவுசெய்து நீக்கப்பட்ட இடி அது. நீக்கிய சத்தம் எங்கே போகிறது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. வெட்டிய நகம் எங்கே போகிறதென்று யார் யோசிக்கிறார்கள்? அது எங்கும் போகவில்லை, பின்னறையிலேயே தங்கியிருந்தது. ஒரு நாள் காலை, வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து கிளம்பி இடித்தது. ஜன்னல் கண்ணாடி பாதி நொறுங்கியது. கீழ்த்தளத்தில் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவர் திடுக்கிட்டுக் கடித்ததில் டாக்டரின் விரலுக்குக் கட்டுப்போட வேண்டியதாயிற்று. நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. கட்டுப்போட்ட விரலை ஊரே பார்த்தது.

காப்பகம் என்றதும் தூண் வைத்த கட்டடமெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாடியில் இரண்டு அறைகள், முன்னறையில் மூன்று மேஜை, ஒரு தண்ணீர்க் கேன், பாதி வேகத்துக்கு மேல் போக மாட்டேனென்று அடம்பிடிக்கும் மின்விசிறி. அங்கே காப்பாற்றப்பட்டு வந்தது மலைக்கு மேலே இருந்த சில குடியிருப்புகளின் மொழி. அந்த மொழியை யாரும் அடக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. வேலை தேடி ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பேச்சே வீட்டுப் பேச்சாயிற்று, எதிரே பேச ஆள் இல்லாமல் பேச்சு நின்றுபோனது. காப்பகத்தின் தலைவரம்மா இளவயதில், மாணவியாக இருந்தபோது, டேப் ரெக்கார்டரைச் சுமந்துகொண்டு அந்த மலைக்குப் போய் ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்கி, கதைகளையும் பாட்டுகளையும் பதிவுசெய்து வந்தவர். திரும்பி வந்ததும் அதை வைத்து என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, அவருடைய வீட்டாருக்குத் தெரியவே தெரியவில்லை. கேசட்டுகள் கட்டிலுக்கடியில் போயின. கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், வீடுகள் மாறின, மாமியார் இரண்டு தடவை தூக்கிப் போடப் பார்த்தார். கட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓய்வுபெற்ற கையோடு அந்த அம்மாள் அவற்றை வெளியே எடுத்துத் தூசி தட்டி, இந்த இரண்டு அறைகளைப் பிடித்தார். இன்றைக்கு அந்த மொழியை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் கேட்க முடிகிறதென்றால், அந்தக் கட்டிலுக்கு நாமெல்லோரும் நன்றி சொல்ல வேண்டும்.

அவரிடம் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருத்தி, கதைகளைக் கேட்டு எழுத்தில் ஏற்றி, சொல் சொல்லாகப் பிரித்து, எந்தச் சொல்லைத் தட்டினாலும் அது வருகிற எல்லா வாக்கியங்களும் திரையில் வரிசைகட்டி நிற்கும்படி செய்துவைத்த பெண். அவளை எல்லோரும் அகராதி என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய வேலைக்கும் வாய்க்கும் சேர்த்து அந்த ஒரு பெயரே போதுமானதாக இருந்தது. இன்னொருவர் ஒலியைச் சுத்தம் செய்கிறவர், வடிகட்டி என்று பெயர். தண்ணீர்க் கேனைத் திறப்பதற்கு முன் மூடியை மூன்று தடவை துடைக்கிற மனிதர். பழைய பதிவில் மழை இருக்கும், ஆறு இருக்கும், கோழி, இருமல், பின்னால் யாரோ யாரையோ கூப்பிடுவது எல்லாம் இருக்கும். வடிகட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிடுவார். கடைசியில் கதை சொல்கிறவரின் குரல் மட்டும் வெள்ளைச் சுவரில் அடித்த ஆணி மாதிரித் தனியாக நிற்கும். வெளியூர் ஆய்வாளர்கள் வந்து கேட்டுவிட்டுக் கைதட்டினார்கள். கேசட்டுகளில் பூஞ்சை ஏறியிருந்ததால் நகலெடுத்ததும் அவை குப்பைக்குப் போயின. அழுக்கோடு இருந்த நகல்களையும், டிஸ்க்கில் இடம் போதவில்லையென்று, அழித்துவிட்டார்கள். இந்தத் தொழிலில் செய்யவே கூடாத காரியம் அதுதான். மூன்று பேருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் செய்தார்கள், ஏனென்றால் சுத்தமான பதிவு அவ்வளவு அழகாக இருந்தது.

இடிக்கு முன்பே, முதலில் வந்தது கோழி. மேஜைக்கடியில் கொக்கரித்தது. குனிந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் ஓட்டின்மேல் விழும் மழைச் சத்தம் வந்து, அறையின் ஒரு மூலையில் மட்டும், ஒரு சொட்டு ஈரமில்லாமல் பெய்துகொண்டிருந்தது. பிறகு ஆறு வந்தது. தும்மல்கள், விறகு பிளக்கும் ஓசை, தாழ்ந்த தொண்டையில் ஓர் ஆணின் இருமல். வடிகட்டி தன் காதில் கோளாறு என்று நினைத்து டாக்டரிடம் போய், காது நன்றாக இருக்கிறதென்று சீட்டு வாங்கிவந்து சுவரில் ஒட்டிவைத்தார். மூன்று மாதத்தில் பழகிவிட்டது. ஃபோனில் பேசும்போது அகராதி, “ஒரு நிமிஷம் இருங்க, ஆறு போகுது” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். ஒரே ஒரு விஷயத்தை அவர்கள் கவனித்து வைத்திருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தால் சத்தம் வெளியே போய்விடும், போனது திரும்பாது. ஓர் ஆட்டுக்குட்டியின் சத்தம் அப்படித்தான் தெருவில் இறங்கி, பஸ் ஹாரனில் கலந்து, இல்லாமலே போயிற்று. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

இடி விழுந்த பிறகுதான் நிலைமை மாறியது. பல் டாக்டர் கட்டுப்போட்ட விரலோடு மேலே ஏறி வந்தார். தங்கமான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. “ஆறு ஓடட்டும், கோழி கத்தட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மேடம். இடி மட்டும் வேணாம். எனக்குப் பத்து விரலும் வேணும்” என்றார். தலைவரம்மா வெட்கப்பட்டுப் போனார். ஜன்னலை முழுசாகக் கழற்றி, ஒரு நாள் பூரா அறையைத் திறந்துபோட்டு, இருக்கிற சத்தத்தையெல்லாம் வெளியேற்றிவிட்டு, அதற்குப் பிறகு புதுக் கண்ணாடி போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பக்கத்துத் தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவளுக்குச் சொல்லியனுப்பினார்கள்.

கண்ணாடிக்காரிக்கு நாற்பது தாண்டியிருக்கும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாயோடு இந்த ஊருக்கு வந்தாள். தாய் துணி வெளுக்கும் கடையில் நின்றே காலத்தைக் கழித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். மகள் கண்ணாடி வெட்டக் கற்றுக்கொண்டு சொந்தமாகக் கடை போட்டாள். அதிகம் பேச மாட்டாள், அளவெடுத்தால் மயிரிழை பிசகாது, இவ்வளவுதான் அவளைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது. அன்று பின்னறையில் ஏணியின்மேல் நின்று உடைந்த சில்லுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த கண்ணாடியின் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ இருமினார்கள்.

“யாருங்க அது?”

“யாருமில்லக்கா. பழைய இருமல். கண்டுக்காதீங்க, நீங்க கழட்டுங்க” என்றாள் அகராதி.

கண்ணாடிக்காரி கழற்றவில்லை. கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே நின்றாள். இருமல் இன்னொரு தடவை வந்தது. அதற்குப் பிறகு, மேலே பரணுக்குப் பக்கத்திலிருந்து, ஓர் ஆண் குரல் மலையின் அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி நீட்டிக் கூப்பிட்டது. ஒரே ஒரு சொல். அந்த மொழியின் சொல். நம் பேச்சில் சொன்னால், “கட்டெறும்பே!”

ஏணியிலிருந்து அவள் இறங்கிய வேகத்தில் ஏணி சரிந்தது. வடிகட்டி ஓடிவந்து பிடிப்பதற்குள், அவள் மேஜைமேல் கிடந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, ஜன்னலின் திறந்த பக்கத்தை மூடி, தன் முதுகையும் கொடுத்து நின்றுகொண்டாள். மூச்சு வாங்கியது. “ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக்கூடாது” என்றாள். “கதவச் சாத்துங்க. அது எங்கப்பா. கட்டெறும்புன்னு என்னத்தான் கூப்பிடுறாரு.”

 தலைவரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். உட்கார மறுத்து, ஜன்னலில் சாய்ந்தபடியே அவள் சொன்னாள். “சின்னதுல எங்க மலைக்கு ஒரு அக்கா வந்திருந்தாங்க, மெஷின் எடுத்துக்கிட்டு. எங்கப்பா அதுக்குக் குடை பிடிப்பாரு. நாள் பூரா. நான் நனையுறேன், மெஷின் நனையல. எனக்குக் கோவம். விறகுக்குப் பின்னாடி போய் உட்கார்ந்துக்கிட்டேன். கூப்பிட்டாரு. நல்லாக் கேட்டுச்சு. நான் பதில் சொல்லல. திட்டியிருந்தாக்கூட மறந்துருப்பேன். திட்டவே இல்ல, வந்து தூக்கிக்கிட்டுப் போனாரு. அந்த மழை முடியறதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டாரு. ஒரு போட்டோ கிடையாது எங்க வீட்ல. குரல் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு, இப்பக் கேக்குற வரைக்கும்.” பிறகு, கெஞ்சுகிற குரலில் இல்லை, வேலைக்கு விலை சொல்கிற குரலிலேயே சொன்னாள். “பதில் வாங்காம அவரு வெளிய போகக்கூடாது. அவ்வளவுதான் நான் கேக்குறது.”

தலைவரம்மா அதற்குள் எழுந்து நின்றிருந்தார். குடைக்காரரை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மழைக்காலம் முழுக்க அவர் நின்றார், கை வலித்தால் கையை மாற்றிக்கொள்வார், குடை அசையாது. கதை சொல்கிறவர்களின் பெயர்களெல்லாம் புத்தகத்தில் இருந்தன. அவர் கதை சொல்லவில்லை என்பதால் அவர் பெயர் எங்கும் இல்லை. “அவர் மட்டும் இல்லேன்னா முதல் வாரமே அந்த மெஷின் செத்திருக்கும்மா. இந்த மொழி பூரா அவர் குடைக்கடியில நனையாம வந்தது. நான் அவருக்கு ஒரு நன்றி சொல்லிருப்பேனான்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல” என்று சொல்லி, ஆய்வுக் கூட்டங்களில் பலரை நடுங்கவைத்த அந்த அம்மாள், கண்ணாடிக்காரியின் கண்ணாடிப் பசை அப்பிய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வடிகட்டி அழவில்லை. அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, பதிவுகளின் பட்டியலைத் திறந்தார். ஒவ்வொரு பதிவிலிருந்தும் அந்த இருமலைப் பொறுக்கி எடுத்தது அவர் கைதான். “போட்டுடலாம்” என்றார். “எடுத்தது எல்லாத்தையும் திரும்பப் போட்டுடலாம்.”

அந்த வேலை ஏழெட்டு மாதம் பிடித்தது. அறையின் நடுவில் ஒரு மைக்கை வைத்து, சுத்தமான பதிவை மெல்ல ஓடவிட்டால், தன் இடம் வரும்போது அந்தந்தச் சத்தம் தானாகவே உள்ளே போய்விடும் என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. கோழிகள்தான் முதலில் போயின, சாயங்காலம் கூண்டுக்குப் போவது போல ஒன்றன்பின் ஒன்றாக. மழை தன் ஓட்டுக் கூரையைத் தேடிப்போய்ச் சேர்ந்தது. ஆற்றுக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது, நீளம் அதிகம். இடி போன அன்று பல் டாக்டர் தன் செலவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வடிகட்டி வேலைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடிக்காமல்கூட உட்கார்ந்துவிடுவார். மூடியைத் துடைப்பதை எப்போது விட்டார் என்று யாரும் கவனிக்கவில்லை. சத்தங்கள் திரும்பிய பதிவுகளைக் கேட்ட வெளியூர் ஆய்வாளர்கள், கதைசொல்லி ஏன் ஓரிடத்தில் நிறுத்துகிறார், ஏன் ஓரிடத்தில் குரலை உயர்த்துகிறார் என்பதெல்லாம் இப்போதுதான் விளங்குகிறதென்று எழுதினார்கள். மழை வலுத்தால் குரல் உயரும், வேறென்ன?

எல்லாம் போயின, இருமல்கூடப் போயிற்று. கூப்பிட்ட குரல் மட்டும் போகவில்லை. அதன் இடம் எது என்று தெரிந்திருந்தது. மூன்று பெண்கள் சேர்ந்து சொல்லும் ஒரு நீளக் கதையின் நடுவில், அவர்கள் நிறுத்தி வெற்றிலை போடுகிற இடைவெளி. அந்த இடைவெளியை எத்தனை தடவை ஓடவிட்டாலும் குரல் பரணைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைவிடக் கவலை தரும் ஒன்றையும் வடிகட்டி கண்டுபிடித்தார். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அது கொஞ்சம் தேய்ந்தது, சோப்பு கரைகிற மாதிரி. பக்கத்துத் தெருவரைக்கும் கேட்ட குரல், பிறகு மாடிப்படி வரை கேட்டது, பிறகு அறைக்குள் மட்டும். கண்ணாடிக்காரி தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து பதில் சொல்லிப் பார்த்தாள். முதலில் நம் பேச்சில், “இதோ இருக்கேன்ப்பா!” என்றாள். குரல் காதில் வாங்கவில்லை. அந்த மொழியே வேண்டுமோ என்று, நாக்கு புரளாமல் தடுமாறி, அகராதி சொல்லிக்கொடுத்தபடி, “வர்றேன்” என்பதற்கு அந்த மொழியில் உள்ள சொல்லைச் சொன்னாள். குரல் ஒரு கணம் தயங்கியது. மறுபடியும் கூப்பிட்டது, முன்னைவிட மெலிவாக. அவள் படியில் உட்கார்ந்து, “என் மேல இன்னும் கோவமா இருக்காரு” என்றாள்.

கோபமில்லை என்று கண்டுபிடித்தவள் அகராதி. அன்று ஏதோ ஓர் எரிச்சலில், “வர்றேன்” என்ற அந்தச் சொல்லைத் தன் தேடு பெட்டியில் தட்டினாள். எல்லாக் கதைகளிலிருந்தும், எல்லாப் பாட்டுகளிலிருந்தும் அந்தச் சொல் வருகிற வரிகள் திரையில் இறங்கின. அவள் படித்துக்கொண்டே போனாள், பிறகு கத்தினாள். “அக்கா! இங்க வாங்க! இவங்க யாருமே சும்மா வர்றேன்னு சொல்லலக்கா!”

உண்மைதான். விறகோடு வர்றேன். தண்ணியோடு வர்றேன். தூங்குற பிள்ளையோடு வர்றேன். அந்த மலையில் மரமும் பனியும் மறைப்பதால் கூப்பிடுகிறவருக்குக் கூப்பிடப்பட்டவர் தெரிய மாட்டார். அதனால் கையில் என்ன இருக்கிறதென்று சேர்த்துச் சொன்னால்தான் பதில். தண்ணீர் என்றால் கூப்பிட்டவர் வழிவிட்டு நிற்பார். கனமானது என்றால் எதிரே இறங்கிவந்து மறுமுனையைப் பிடிப்பார். வெறுங்கையோடு வர்றேன் என்று எந்தப் பிள்ளையும் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. சொன்னால் அடுத்த வேலை தலையில் விழும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன. கண்ணாடிக்காரி ஒவ்வொரு வரியையும் அகராதியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்கக் கேட்க, “ஆமா, ஆமா, அம்மா இப்படித்தான் சொல்லும்” என்றாள். அந்த வரிகளைச் சொல்லிவைத்துவிட்டுப் போன எல்லோரும் அன்று அந்த அறைக்குள் வந்து அவளுக்காக நின்ற மாதிரி இருந்தது என்று தலைவரம்மா பிற்பாடு சொன்னார்.

ஆனால் கையில் எதுவும் இல்லாமல் எதையாவது சொன்னால் பொய்யாகிவிடும். மறுநாள் காலை அவள் அட்டை இருந்த இடத்தில் போடுவதற்குப் புதுக் கண்ணாடியோடு வந்தாள். ஜன்னல் அகலத்துக்கு ஒரே கண்ணாடியாக வெட்டியிருந்தாள், இரண்டு பேர் தூக்க வேண்டியது. கடையில் கூட வேலை செய்கிறவன் அவளோடு சேர்ந்து கீழேயிருந்து மேலே தூக்கிவந்து சுவரில் சாய்த்துவிட்டு, வண்டியைப் பார்க்கப் போயிருந்தான். குரல் கூப்பிட்டது. இப்போது அது காதுக்குப் பக்கத்தில் பேசுகிற அளவுக்குத்தான் இருந்தது. அவள் கண்ணாடியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். வடிகட்டி மறுமுனைக்கு ஓடினார், அகராதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

“கண்ணாடிக்கு அந்த மொழியில என்ன சொல்லுறது?” என்று கண்ணாடிக்காரி திரும்பாமலே கேட்டாள்.

“இல்லக்கா. அங்க கண்ணாடியே கிடையாதே. நம்ம வார்த்தையையே போடுங்க. எல்லா மொழியும் அப்படித்தான் கடன் வாங்குது.”

அவள் மூச்சை இழுத்து, விறகுக்குப் பின்னாலிருந்து கத்துகிற பிள்ளையின் சத்தத்தோடு, அந்த மொழியில், கண்ணாடியோடு வர்றேன்ப்பா என்றாள்.

பரணுக்குப் பக்கத்தில் சத்தம் நின்றது. கண்ணாடி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கனமானது என்று மகளின் குரலிலேயே தெரிந்திருக்கும். கண்ணாடியின் மறுமுனை தரையிலிருந்து எழும்பியது. அவளுடைய முனை இருந்த உயரத்துக்கே எழும்பி நின்றது. அகராதி ஜன்னலிலிருந்து அட்டையை எடுத்தாள். கண்ணாடிக்காரி ஓரடி வைத்தாள், மறுமுனையும் ஓரடி வைத்தது. “பாத்து, மூல இடிக்கும்” என்று அவள் வேலைக்காரனிடம் சொல்கிற மாதிரியே சொன்னாள். இரண்டு பேருமாகத் தூக்கிச் சட்டத்தில் இறக்கினார்கள். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. தலைவரம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கைகூப்பி, நாற்பது வருஷம் தாமதமான நன்றியை அந்த மொழியிலேயே சொன்னார். வடிகட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவை ஓடவிட்டார். மூன்று பெண்கள் வெற்றிலை போட நிறுத்தினார்கள், குரல் உள்ளே போயிற்று, அதன் பின்னாலேயே அவளுடைய பதிலும் போயிற்று.

அந்தப் பதிவை இப்போது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வெற்றிலை இடைவெளியில் ஒரு தகப்பன் கூப்பிடுவதும், நடுவயதுப் பெண் ஒருத்தி பதில் சொல்வதும் தெளிவாக இருக்கிறது. காலக்கணக்கு இடிக்கிறதே என்று ஓர் ஆய்வாளர் கேட்டு எழுதினார். இடிக்கத்தான் செய்கிறது என்று காப்பகம் பதில் போட்டது. குரல் தந்தவர்களின் வரிசையில் குடை பிடித்தவரின் பெயரும் அவர் மகளின் பெயரும் சேர்ந்தன. கண்ணாடிக்காரி வாரத்துக்கு ஒரு நாள் வந்து அகராதியோடு உட்கார்ந்து அந்த மொழியில் பேசிப் பழகுகிறாள். இப்போது அவர்களுக்குள் சண்டைகூட அந்த மொழியில்தான் நடக்கிறது, கீழே கேட்டாலும் ஒன்றும் புரியாததில் பல் டாக்டருக்குப் பெரிய சந்தோஷம். அகராதி தன் பட்டியலில் ஒரு புதுச் சொல்லை ஏற்றி, வழக்கப்படி பொருளும் எழுதினாள். கண்ணாடி: அப்பாவும் மகளும் ஆளுக்கொரு முனையாகத் தூக்குவது.